பூ முடிந்த பின் ஆறு வாரம்

ஆகஸ்டில் ஒரு பூ

ஆகஸ்ட் மாதம். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் டாஃபடில் வளர்ந்த நிலம் வெறுமையாகக் கிடக்கிறது. இலைகள் காய்ந்து மண்ணோடு மண்ணாகிப் பல வாரங்கள் ஆகிவிட்டன. அந்த இடத்தில் ஒரு செடி இருந்ததற்கான அடையாளமே மேலே இல்லை. இப்போது மண்ணைத் தோண்டி, சின்ன வெங்காயத்தைப் போல அடியில் கிடக்கும் ஒன்றை எடுத்து நெடுக்காகப் பிளந்தால், அடுக்கடுக்கான வெள்ளைச் செதில்களின் நடுவே சில மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு முளை தெரியும். அதை ஊசிமுனையால் விரித்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், ஆறு இதழ்களும் ஆறு மகரந்தத் தாள்களும் சூலகமும் நடுக்கிண்ணமும் உறுப்புக் குறையாமல் அமைந்த ஒரு பூவைப் பார்க்கலாம். அடுத்த ஆண்டு பிப்ரவரியிலோ மார்ச்சிலோ விரியப்போகும் பூ அது. குளிர்காலமும் மழையும் வருவதற்கு வெகுமுன்பே, வெயில் காயும் மண்ணுக்குள், யாரும் பார்க்காத நேரத்தில் அது உருவாகி முடிந்துவிட்டது.

இந்த ஒரு உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், டாஃபடில் வளர்ப்பைப் பற்றிய பல அறிவுரைகளின் பொருள் விளங்கிவிடும். சில அறிவுரைகள் பொருளற்றவை என்பதும் விளங்கிவிடும். பூ விரிந்திருக்கும் நாட்களில் செடியைச் சீராட்டுகிறோம். பூ வாடியதும் கவனம் வேறு பக்கம் போய்விடுகிறது. செடியின் கணக்கோ நேர்மாறானது. பூ விரியும் நாளில் அது செலவை முடித்துவிட்டு, அடுத்த ஆண்டுக்கான வரவைத் தொடங்குகிறது. அந்த வரவுக்கு அதற்குக் கிடைக்கும் காலம் மிகக் குறுகியது. ஆகவே, டாஃபடிலைப் பராமரிப்பது என்பது பூ முடிந்த பிறகு அதன் இலையைப் பராமரிப்பதுதான் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். குறு டாஃபடில்கள் என்று அழைக்கப்படும் சிறு வகைகளில் இந்த விதி மேலும் கண்டிப்பாகிறது. அதற்கான காரணம் அவற்றின் உடல் அளவிலேயே இருக்கிறது.

டாஃபடில்கள் நார்சிசஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. அவற்றின் வகைகள் மிகுதியாகக் காணப்படுவது ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தில், அடுத்ததாக மொராக்கோவில். சிறிய இனங்களின் பிறப்பிடமும் பெரும்பாலும் அந்த நிலங்களே. வட ஸ்பெயின் மலைகளின் நார்சிசஸ் ஆஸ்டுரியென்சிஸ் ஒரு சாண் உயரத்தைக்கூட எட்டாது. புல்போகோடியம் என்ற இனத்தின் பூவில் இதழ்கள் வெறும் ஈர்க்குகளாய்ச் சுருங்கி, நடுக்கிண்ணம் மட்டும் அகன்ற பாவாடையைப் போல விரிந்திருக்கும். சைக்ளாமினியஸ் தன் இதழ்களை முழுவதும் பின்னோக்கி மடித்துக்கொள்ளும். ட்ரையாண்ட்ரஸ் தலைகவிழ்ந்து தொங்கும். மொராக்கோவின் அட்லஸ் மலைகளில் வளரும் ரோமியூக்சி நடுக்குளிர்காலத்தில் பூக்கும். இவற்றையும் இவற்றின் கலப்பினங்களையுமே தோட்டக்காரர்கள் குறு டாஃபடில் என்கிறார்கள். இதழ்களை விரித்து அளந்தால் பூவின் விட்டம் பொதுவாக 5 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது அமெரிக்க டாஃபடில் சங்கம் வைத்திருக்கும் அளவுகோல். கார்ன்வாலில் அலெக் கிரே என்பவர் உருவாக்கி 1940களில் வெளியிட்ட ‘தேத்-ஆ-தேத்’ இவற்றுள் பெரும் வெற்றி பெற்றது. இருவர் தலைசேர்த்துப் பேசுவதைக் குறிக்கும் அந்தப் பிரெஞ்சுப் பெயருக்கு ஏற்ப, அதன் ஒரே தண்டில் இரண்டு பூக்கள் அடிக்கடி தோன்றும். நெதர்லாந்தின் டாஃபடில் வயல்களிலும் ஐரோப்பாவின் பூக்கடைத் தொட்டிகளிலும் இன்று முதலிடம் இதற்குத்தான்.

இலையே சேமிப்பறை

ஒரு வெங்காயத்தைக் கையில் எடுத்துக்கொண்டால் டாஃபடிலின் உடலமைப்பை எளிதாகப் புரிந்துகொள்ளலாம். இரண்டும் இன்றைய வகைப்பாட்டில் அமரில்லிடேசியே என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வெங்காயத்தின் வேர்ப்பக்கத்தில் நாம் அரிந்து எறியும் கெட்டியான வில்லைதான் உண்மையான தண்டு; அதற்கு அடித்தட்டு என்று பெயர். அதன்மேல் அடுக்கடுக்காகச் சூழ்ந்திருப்பவை இலைகளின் பருத்த அடிப்பகுதிகள். இந்த அமைப்பைத் தாவரவியல் நூல்கள் குமிழம் என்கின்றன. டாஃபடில் குமிழத்தின் செதில்களுள் சில, இலையாக மேலே வளராமல் செதிலாகவே தோன்றியவை. மற்றவை, போன பருவங்களில் மண்ணுக்கு மேலே பச்சையாக நின்ற இலைகளின் அடிகள். அதாவது மேலே நிற்கும் இலையும் கீழே உள்ள சேமிப்பறையும் ஒரே உறுப்பின் இரு முனைகள். இலையின் மேற்பகுதி வெயிலில் சர்க்கரை தயாரிக்கிறது. அடிப்பகுதி அதை மாவாக்கி வைத்துக்கொள்கிறது. மேற்பகுதி உலர்ந்து உதிர்ந்த பிறகும் அந்த அடிப்பகுதி மூன்று நான்கு ஆண்டுகள் உயிரோடு இருந்து, தான் சேர்த்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, கடைசியில் மெல்லிய பழுப்புத் தோலாகிக் குமிழத்தைப் போர்த்துகிறது. ட்யூலிப்பில் இப்படி நடப்பதில்லை. அதன் தாய்க் குமிழம் ஒரே ஆண்டில் தீர்ந்துபோய், அதன் இடத்தைச் சேய்க் குமிழங்கள் பிடிக்கும். டாஃபடில் குமிழம் பல ஆண்டுச் சேமிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருக்கும் பத்தாயம். ஒரு வசந்தத்தில் பச்சை இலையை வெட்டியவர், பத்தாயத்தின் ஓர் அடுக்கு நிரம்பாமல் போக வழி செய்துவிடுகிறார்.

இந்தப் பத்தாயத்தின் எடையை ஆண்டு முழுவதும் கவனித்தால் கதை இன்னும் தெளிவாகும். இலையுதிர் காலத்தில் வேர்கள் கிளம்பும்போதே சேமிப்பு குறையத் தொடங்குகிறது. குளிர்காலம் முழுக்கக் குறைந்துகொண்டே வந்து, பூக்கும் காலத்தை ஒட்டிக் குமிழம் தன் மிகக் குறைந்த எடைக்கு வந்து நிற்கிறது. நாம் பார்த்து மகிழும் அந்த நாளில்தான் செடி மிகவும் வறியதாக இருக்கிறது. பூ வாடியதும் எடை ஏறத் தொடங்கி, இலை மஞ்சளாகும்வரை ஏறிக்கொண்டே போகிறது. இந்த ஏற்றத்தின் நடுவிலேயே, ஏறத்தாழ மே மாதத்தில், இலைகள் இன்னும் பச்சையாக இருக்கும்போதே, அடித்தட்டின் நுனியில் அடுத்த ஆண்டுப் பூவின் முதல் திசுக்கள் பிரியத் தொடங்குகின்றன. முதலில் இதழ்களும், பிறகு மகரந்தத் தாள்களும் சூலகமும் உருவாகி, கடைசியில் நடுக்கிண்ணம் தோன்றுவதோடு பூ முழுமை பெறுகிறது. நுனியில் பூ பிரியுமா, வெறும் இலை பிரியுமா என்பது அந்தக் குமிழம் போதிய பருமனை எட்டியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அதனால்தான் பூ முடிந்த பிறகு குறைந்தது ஆறு வாரமாவது இலைகளைத் தொடக்கூடாது என்று பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் சொல்கிறது. அந்த ஆறு வாரமும் வரவு எழுதப்படும் காலம். அடுத்த பூவைப் பற்றிய முடிவு எடுக்கப்படும் காலமும் அதுவே.

உறங்கும் குமிழத்துக்குள் பூ இருக்கிறது என்பதைப் பெரும் பண்ணைகள் தம் பிழைப்பின் வழியாகவே அறிந்திருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்டு நூற்புழு என்ற கண்ணுக்குத் தெரியாத புழு இங்கிலாந்தின் டாஃபடில் தொழிலையே அழித்துவிடும் நிலைக்குக் கொண்டுவந்தது. ஜேம்ஸ் கிர்காம் ராம்ஸ்பாட்டம் என்ற ஆய்வாளர், உறங்கும் குமிழங்களை அளவான சூடுள்ள வெந்நீரில் மூன்று மணி நேரம் அமிழ்த்தினால் புழு செத்துக் குமிழம் பிழைக்கும் என்று காட்டினார். இன்றும் ஏறத்தாழ 44 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் மூன்று மணி நேரம் என்பதே அடிப்படை முறை. ஆனால் நேரம் தவறி இந்த வெந்நீர்க் குளியலைக் கொடுத்தால் குமிழம் பிழைத்தும் அடுத்த வசந்தத்தில் பூக்கள் ஊனமாகவோ இதழ் குலைந்தோ வரும். வெளியில் ஒன்றும் தெரியாத ஒரு குமிழத்தில் பூ எப்படி ஊனமாகும்? பூ அப்போதே உள்ளே உருவாகிக்கொண்டிருந்தால்தான் ஆகும். அதனாலேயே வளர்ப்பவர்கள் சில குமிழங்களை மாதிரிக்கு அறுத்து, நுண்ணோக்கியில் நடுக்கிண்ணம் தோன்றியிருக்கிறதா என்று பார்த்து, அதற்கேற்ப வெந்நீர்க் குளியலுக்கும் குளிர்ச் சேமிப்புக்கும் நாள் குறிக்கிறார்கள்.

சிறியதன் கணக்கு

இந்த விதி எல்லா டாஃபடிலுக்கும் பொது. குறு வகைகளில் மட்டும் அது ஏன் கண்டிப்பாகிறது? குமிழங்களைச் சுற்றளவு வைத்து விற்பது வழக்கம். 16 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள ஒரு பெரிய குமிழத்தையும் 8 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள ஒரு சிறிய குமிழத்தையும் பக்கத்தில் வைத்தால், பார்வைக்குச் சிறியது பெரியதில் பாதி. கொள்ளளவில் அது எட்டில் ஒரு பங்குதான். மேற்பரப்போ நான்கில் ஒரு பங்கு. ஆகவே ஒவ்வொரு கிராம் சேமிப்புக்கும் சிறிய குமிழத்தில் இரண்டு மடங்கு தோல் வெளிக்காற்றைப் பார்க்கிறது. ஈரமும் அதற்கேற்ப விரைவாக வெளியேறுகிறது. கடையின் கம்பிப் பெட்டியில் நவம்பர்வரை கிடந்த பெரிய டாஃபடில் குமிழம் சுணங்காமல் முளைப்பதற்கும், அதே பெட்டியில் கிடந்த சிறு குமிழம் சுருங்கி லேசாகிவிடுவதற்கும் இதுவே காரணம். ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் குறு வகைகளைச் செப்டம்பரிலேயே நட்டுவிட வேண்டும் என்று வற்புறுத்துவது வெறும் பழக்கத்தால் அல்ல. எதிரிகள் விஷயத்திலும் இதே கணக்குதான். பார்வைக்குச் சிறு வண்டுத்தேனீயைப் போலிருக்கும் நார்சிசஸ் ஈ, கோடைத் தொடக்கத்தில் வாடும் இலைகளின் அடியில் முட்டையிடுகிறது. வெளிவரும் புழு அடித்தட்டைத் துளைத்து உள்ளே புகுந்து நடுப்பகுதியைத் தின்கிறது. பெரிய குமிழத்தில் ஓரத்துச் செதில்கள் தப்பி, அவற்றிலிருந்து சில சேய்கள் கிளைக்கலாம். சிறு குமிழம் அந்தப் புழுவுக்கு ஒரு வேளை உணவுபோல முழுவதும் தீர்ந்துவிடுகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். குமிழம் சிறியது என்றால் பூவும் சிறியதுதானே, செலவும் குறைவுதானே, பிறகு என்ன நெருக்கடி என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, அதில் பாதி உண்மையும் இருக்கிறது. பூவுக்கான செலவு உண்மையில் குறைகிறது. ஆனால் செடியின் இழப்புகள் எல்லாம் அதே விகிதத்தில் குறைவதில்லை. ஈரம் இழக்கும் வேகம் கூடுகிறது. ஒரு புழுவின் பசி குமிழத்தின் அளவைப் பார்த்துக் குறைவதில்லை. முக்கியமாக, பல குறு இனங்களில் ஒரு குமிழத்துக்கு இரண்டு மூன்று இலைகளே உண்டு. புல்போகோடியத்தின் இலை கோரைப்புல்லைப் போல நூலாக நீளும். மூன்று இலைகளில் ஒன்றை நத்தை தின்றாலும், புல்வெட்டும் இயந்திரம் சாய்த்தாலும், ஆண்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. பெரிய செடிக்கு ஒரு மோசமான ஆண்டைத் தாங்கப் பழைய அடுக்குகள் இருக்கின்றன. சிறிய செடிக்கு அடுக்குகள் உண்டென்றாலும் அவை மெல்லியவை. கையிருப்பு மெலிந்த குடும்பம் ஒரு மாதச் சம்பளத்தைக்கூட விட்டுவிட முடியாதது போலத்தான்.

இரண்டாம் மறுப்பு அனுபவத்திலிருந்து வருவது. கடையில் வாங்கிய குமிழத்தை எந்தக் கவனிப்பும் இல்லாமல் நட்டாலும் முதல் ஆண்டு நன்றாகவே பூக்கிறதே என்பார்கள். பூக்கத்தான் செய்யும். அந்தப் பூவை உருவாக்கியது முந்தைய வசந்தத்தில் பண்ணையாளர் காப்பாற்றிய இலைகள். முதல் ஆண்டுப் பூ விற்றவரின் திறமைக்குச் சான்று. வாங்கியவரின் பராமரிப்புக்கு இரண்டாம் ஆண்டுப் பூவே சான்று. இரண்டாம் ஆண்டு பூக்கவில்லை என்றால் எங்கே தவறு நடந்தது என்பதையும் செடியிடமே கேட்டறியலாம். இலை மட்டும் வந்து மொட்டே தோன்றவில்லை என்றால் தவறு போன ஆண்டில் நடந்தது: இலை சீக்கிரம் வெட்டப்பட்டிருக்கும், நிழலில் நின்றிருக்கும், அல்லது பூத்த பின் தண்ணீர் நிறுத்தப்பட்டிருக்கும். மொட்டு தோன்றி, விரியாமல் காகிதம்போலக் கருகியிருந்தால் பூ உள்ளே உருவாகியிருந்தது; வேர் ஓடிய பின் வறட்சியோ வெப்பமோ அதைக் கொன்றிருக்கிறது. ஆழம் குறைவாக நட்டாலும் மொட்டு வராது. மேலாகக் கிடக்கும் குமிழம் விரைவாகப் பல சிறு சேய்களாகப் பிரிந்து, எதுவும் பூக்கும் பருமனை எட்டாமல் புல்போல மண்டிவிடும். குமிழத்தின் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் நட வேண்டும் என்ற பழைய விதிக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

அப்படியானால் உரம் போட்டு ஈடுசெய்துவிட முடியாதா? ஓரளவுக்கு முடியும், இலை இருந்தால் மட்டும். உரத்தில் சர்க்கரை இல்லை. அதைச் செய்வது இலையும் வெயிலும்தான். பூத்த பின் சில வாரங்கள் சாம்பல் சத்து மிகுந்த உரத்தை நீர்த்த அளவில் கொடுப்பது, இலை தயாரித்த சர்க்கரையைக் கீழே கொண்டுசேர்க்க உதவுகிறது. தழைச்சத்தைத் தாராளமாகக் கொடுத்தால் இலை தளதளவென்று வளரும், குமிழம் நெகிழ்ந்து அழுகலுக்கு இடம்கொடுக்கும். வாடிய பூவின் அடியில் பருக்கும் விதைப்பையைக் கிள்ளி எடுப்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. விதைக்குப் போகும் உணவு குமிழத்துக்குத் திரும்புகிறது. விதை கட்டாத ‘தேத்-ஆ-தேத்’ போன்ற மலட்டுக் கலப்பினங்களில் இதைச் செய்யாவிட்டாலும் நட்டமில்லை.

மலையின் நாள்காட்டி

இலையைக் காப்பாற்றியாகிவிட்டது. சேமித்ததை இழக்காமல் கோடையைக் கடப்பது அடுத்த பாதி. இங்கே குறு டாஃபடில்களின் சொந்த ஊரைப் பார்த்தாக வேண்டும். ஐபீரிய மலைகளிலும் அட்லஸ் சரிவுகளிலும் குளிர்காலமும் வசந்தமும் ஈரமானவை. உருகும் பனியும் மழையும் சேர்ந்து பூக்கும் காலத்தில் நிலம் சொதசொதவென்று இருக்கும். கோடை வந்தால் வறண்டு காயும். செடி அந்த வறட்சியை உறக்கத்தில் கடந்துவிடுகிறது. ஆகவே அது பயப்படுவது குளிருக்கு அல்ல. சூடான மண்ணில் தேங்கும் ஈரத்துக்கு. அடித்தட்டில் தொடங்கிக் குமிழத்தைப் பழுப்பாக அழுகவைக்கும் ஃபுசேரியம் பூஞ்சை மண் சூடேறும்போதுதான் வேகமெடுக்கிறது. ஒரு கோடை நாளில் உறங்கும் தொட்டிக்கு ஊற்றப்படும் தண்ணீர், செடிக்குப் பயன்படாமல் பூஞ்சைக்குப் பயன்படுகிறது. தொட்டியில் வளர்ப்பவர்கள் மண்ணோடு பருமணலும் சிறுகல்லும் தாராளமாகக் கலப்பதும், ஜூன் முதல் ஆகஸ்ட்வரை தொட்டிகளை மழை படாத நிழலில் வைப்பதும், செப்டம்பரில் மீண்டும் தண்ணீர் தொடங்குவதும் அந்த மலையின் நாள்காட்டியைப் பின்பற்றுவதே. அதே நாள்காட்டி, பூக்கும்போதும் பூத்த பின்னும் தொட்டி காயவே கூடாது என்றும் சொல்கிறது. கோடையில் ஊற்றி வசந்தத்தில் மறப்பவர்கள் இரண்டு பக்கமும் இழக்கிறார்கள்.

ஆனால் இதை ஒரே விதியாகக் கொண்டால் தவறு நேரும் என்பதற்கு சைக்ளாமினியஸ் சாட்சி. இந்தச் செடியின் படம் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வெளியாகியிருந்தது. பின்னர் யாரும் அதைக் காணவில்லை. அமரில்லிடேசியே குடும்பத்தைப் பற்றி 1837இல் பெரும் நூல் எழுதிய வில்லியம் ஹெர்பர்ட், இப்படி ஒரு செடி இருக்கவே முடியாது என்று தள்ளிவிட்டார். 1885இல் போர்ச்சுகலின் போர்ட்டோ நகருக்கு அருகே அது மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. வட போர்ச்சுகலிலும் ஸ்பெயினின் கலீசியாவிலும் ஆற்றோரங்களிலும் ஈரப் புல்வெளிகளிலும் வளரும் இனம் அது. கோடையிலும் அதன் மண் முழுவதும் காய்வதில்லை. ரோமியூக்சிக்குக் கொடுக்கும் வறட்சியை இதற்குக் கொடுத்தால் குமிழம் வற்றிச் சாகும். ஆகவே குறு டாஃபடில் என்று பொதுவாக அழைத்தாலும், கையில் இருப்பது எந்த ஊர்ச் செடி என்று கேட்டுக்கொண்டே தண்ணீர்க் குவளையைத் தூக்க வேண்டும். ‘தேத்-ஆ-தேத்’ திறந்த நிலத்திலும் மழை ஈரம் மிகுந்த தோட்டத்திலும் தாக்குப்பிடிப்பதற்கு, அதன் முன்னோர்களில் ஒன்று இந்த ஆற்றோரச் செடி என்பது நல்ல விளக்கமாகத் தோன்றுகிறது.

‘தேத்-ஆ-தேத்’தின் இன்னொரு முன்னோரான டாசெட்டா இனம், வேறொரு வலுவான மறுப்பைக் கொண்டுவருகிறது. டாசெட்டாவில் பூ உருவாவது இலை பச்சையாக இருக்கும்போது அல்ல. இலை முற்றிலும் காய்ந்த பிறகு, கோடையின் வெப்பத்தில். அதற்கு நீண்ட குளிர்காலமும் தேவையில்லை. மற்ற டாஃபடில்கள் பூத்தண்டை நீட்ட ஏறத்தாழ 12 முதல் 16 வாரம் 9 டிகிரிக்கும் குறைவான குளிரைக் கேட்கும்போது, இது வெப்பத்தைக் கேட்கிறது. இங்கிலாந்தின் தென்மேற்கே உள்ள சில்லித் தீவுகளில் டாசெட்டா வயல்களுக்குப் புகைகாட்டிப் பூப்பை முன்கூட்டியே கொண்டுவருகிறார்கள். புகையில் உள்ள எத்திலீன் வாயு குமிழத்தைத் தூண்டுகிறது. அப்படியென்றால் இலையைப் பற்றிய வாதம் இந்த இனத்தில் உடைந்துவிடுகிறதா? இல்லை. பூ எப்போது பிரிகிறது என்ற தேதி மாறுகிறது. எதிலிருந்து பிரிகிறது என்பது மாறவில்லை. கோடையில் பூவைக் கட்டத் தேவையான பொருளை வசந்த காலத்து இலைகளே சேர்த்து வைத்தன. மெலிந்த டாசெட்டா குமிழமும் பூக்காது.

இன்னொரு மறுப்பு, காட்டில் இவற்றை யார் பராமரிக்கிறார்கள் என்பது. இதற்கு பிரான்சின் பிரிட்டனி கடற்கரைக்கு அப்பால் உள்ள க்ளெனான் தீவுகள் ஆழ்ந்த பதிலைத் தருகின்றன. ட்ரையாண்ட்ரஸ் இனத்தின் ஒரு வகை அங்கே வளர்கிறது. ஆட்கள் பறித்துப் போவதைத் தடுக்க 1974இல் ஒன்றரை ஹெக்டேர் நிலம் இயற்கைக் காப்பகமாக்கப்பட்டது. மனிதரும் கால்நடையும் விலக்கப்பட்டதும் பூக்கள் பெருகும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. மேய்ச்சல் நின்ற இடத்தில் பெரணியும் முட்புதரும் மண்டி, சின்னஞ்சிறு இலைகளுக்கு வெயில் எட்டவில்லை, பூக்கள் குறைந்தன. பிறகு 1980களில் புதர்களை வெட்டி அகற்றத் தொடங்கியதும் பூக்கள் பல மடங்காகப் பெருகின. பூவைப் பறிக்காமல் காத்தது போதவில்லை; இலைக்கு ஒளி கொடுத்தபோதே செடி மீண்டது. இங்கிலாந்தில் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் விஸ்லி தோட்டத்திலும் இதே பாடம்தான். அங்குள்ள மலைச்சரிவுப் புல்வெளியில் புல்போகோடியம் தானாகவே விதை சிந்திப் பல்லாயிரமாகப் பரவியிருக்கிறது. அங்கே வளர்ப்பவர்கள் செய்யும் பெரிய பணி, விதை உதிர்ந்து இலை மடியும்வரை புல்லை வெட்டாமல் காத்திருப்பது. காட்டுச் செடிக்குப் பராமரிப்பு இல்லை என்பது சரியல்ல. நிலமும் பருவமும் மேயும் விலங்கும் அதைச் செய்துவந்தன. தொட்டிக்கு மாறிய செடிக்கு அவற்றின் வேலையை நாம் செய்கிறோம்.

கடைசி மறுப்பு கண்ணின் மறுப்பு. சாய்ந்து மஞ்சளாகும் இலைகள் தோட்டத்தின் அழகைக் கெடுக்கின்றன என்று சொல்லி, அவற்றைப் பின்னல்போல முடிவதும் ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவதும் ஐரோப்பியத் தோட்டங்களில் நெடுநாள் வழக்கமாக இருந்தது. இலையைக் கட்டினால் அதன் பெரும்பகுதி நிழலில் மூடப்படுகிறது, வளைந்த இடத்தில் குழாய்கள் நசுங்குகின்றன. வெட்டியதற்கும் கட்டியதற்கும் செடியின் கணக்கில் அதிக வேறுபாடு இல்லை. பெரிய டாஃபடிலின் இலைக்குவியல் கண்ணை உறுத்தும் என்பது உண்மைதான். குறு வகைகளின் மெல்லிய இலைகளோ பக்கத்தில் எழும் சிறு செடிகளுக்குள் தாமாகவே ஒளிந்துகொள்கின்றன. தொட்டியில் இருந்தால் வெயில் படும் வேறொரு மூலைக்கு நகர்த்திவிடலாம். இந்த வகையில் சிறியதே எளிது.

தமிழ் வாசகர் கேட்கக்கூடிய ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: நம் சமவெளியில் இவற்றை வளர்க்க முடியுமா? குளிர்ப்பெட்டியில் பன்னிரண்டு வாரத்துக்குமேல் வைத்து நட்டால் ஒருமுறை பூக்கவைத்துவிடலாம். பழங்கள் வெளிவிடும் எத்திலீன் மொட்டைக் கொல்லும் என்பதால் அவற்றோடு வைக்கக்கூடாது. இக்குமிழத்தில் லைகோரின் என்ற நஞ்சு இருப்பதால் வெங்காயக் கூடையின் பக்கமே கொண்டுபோகக்கூடாது. ஆனால் அந்த ஒரு பூவோடு கதை முடிந்துவிடும். வெப்பத்தில் இலை சீக்கிரம் முதிர்ந்து காய்கிறது. சூடான இரவுகளில் குமிழம் பகலில் சேர்த்ததைச் சுவாசித்தே தீர்த்துவிடுகிறது. பத்தாயம் நிரம்புவதில்லை. சமவெளியில் இக்குடும்பத்தின் அழகை ஆண்டுதோறும் காண விரும்புகிறவருக்கு மழை லில்லியே உற்ற செடி. முதல் மழைக்குப் பின் பூக்கும் அதுவும் இதே உறவுக்குள் வருகிறது.

குளிர் நிலங்களில் வாழ்ந்து, ஜன்னலோரத் தொட்டியில் ‘தேத்-ஆ-தேத்’ வாங்கி வைத்திருப்பவர்களுக்கு இந்த அத்தியாயம் சொல்ல வருவது இதுதான். பூ வாடிய அன்று தொட்டியைக் குப்பையில் போடாதீர்கள். வாடிய பூவை மட்டும் கிள்ளிவிட்டு, இலைகளை வெயிலில் நிறுத்தி, மண் காயாமல் பார்த்து, சாம்பல் சத்தைக் கொஞ்சம் கொடுத்து, ஆறு வாரம் காத்திருங்கள். இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்தி நிழலில் வையுங்கள். செப்டம்பரில் புது மண்ணில் போதிய ஆழத்தில் நட்டுக் குளிரில் விடுங்கள். அடுத்த மார்ச்சில் வரும் பூ அந்த ஆறு வாரத்தில் நீங்கள் காத்த இலைகள் தந்ததாக இருக்கும்.